சேர்மன் பக்கத்து சுவிட்ச்

சேர்மன் பதவி எட்டு மாதம்தான் நீடித்தது. அதுவும் நாடாளும் பதவி ஒன்றுமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர் பதவி. பழைய தலைவர் வீட்டை விற்றுவிட்டுப் போனதும், அடுத்து யார் வருகிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டார்கள். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் சோம்பல் முறிப்பதற்காகக் கையைத் தூக்கினார் என்று சொல்பவர்கள் இன்றைக்கும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள். அவர் ஆட்சியில் தண்ணீர்த் தொட்டி வழிந்தது, லிஃப்ட் நின்றது, வாசல் கேட்டில் 'உத்தரவின்றி உள்ளே வரக் கூடாது' என்று ஒரு பலகை ஏறியது. அடுத்த கூட்டத்தில் நன்றி சொல்லி, கைதட்டி, இறக்கிவிட்டார்கள். பதவி இறங்கியது, பெயர் இறங்கவில்லை. கிண்டலுக்குக் கூப்பிட ஆரம்பித்ததை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். இப்போது அவர் மனைவியின் கைபேசியில்கூட அவர் எண் 'சேர்மன்' என்றுதான் இருக்கிறது. பதிந்து கொடுத்தவள் மகள்.

அப்பேர்ப்பட்ட சேர்மனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. உரிமத் தேர்வுக்கு மூன்று முறை போனார், மூன்று முறையும் தேர்வாளர் சரியில்லை. முதல் ஆளுக்கு மரியாதை தெரியவில்லை. இரண்டாவது ஆளுக்கு அவசரம். மூன்றாவது ஆள் பாதித் தேர்விலேயே காரை விட்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள்; இவருக்கு ஊரே கோணல். "ஓட்டறது பெரிய விஷயமில்ல, ஓட்ட வைக்கிறதுதான் விஷயம்" என்று அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டு, பக்கத்து இருக்கையில் நிரந்தரமாகக் குடியேறினார்.

ஓட்டியவள் மனைவி. ஏரிக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனையில், டயாலிசிஸ் பிரிவின் முதல் ஷிஃப்ட் அவள் பொறுப்பில் இருந்தது. விடிவதற்குள் போய் மெஷின்களுக்குப் போகிற தண்ணீரைச் சோதித்து, மெஷின்களை ஓடவிட்டு, ஆறு மணிக்கு முதல் நோயாளியின் கையில் ஊசி ஏற்ற வேண்டும். சேர்மன் வேலை பார்க்கும் பெயின்ட் கிடங்கும் அதே சாலையில் இருந்ததால், போகிற வழியில் அவரையும் இறக்கிவிடுவாள். கிடங்கு திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நிற்பதில் அவருக்கு ஒரு கம்பீரம் இருந்தது.

முதல் ஷிஃப்ட் அவளுக்குச் சும்மா வரவில்லை. மகள் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அவள் மாலை ஷிஃப்டில் கிடந்தாள். மகளின் தூங்கும் முகம்தான் அவளுக்குத் தெரிந்த முகம். கேட்டுக் கேட்டு, காத்திருந்து, மகள் கல்லூரியில் கால் வைத்த வருஷம்தான் காலை ஷிஃப்ட் கிடைத்தது. அந்த ஷிஃப்டில் அவளுக்கென்று ஒரு கையும் இருந்தது. கை ஒரு தையல்காரருடையது. ஊசி ஏற்றுவதற்காகவே அறுவை செய்து பெரிதாக்கிய நரம்பு அவர் இடது முழங்கைக்குக் கீழே கொடி மாதிரி வளைந்து போகும். பழகாத ஆள் குத்தினால் ஊசி மறுபக்கம் துளைத்துக்கொண்டு போய்விடும். அவளுக்கோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏற்ற வரும். "இந்தக் கையை உங்களுக்கே எழுதி வச்சாச்சும்மா, தைக்கிறதுக்கு மட்டும் கடன் வாங்கிக்கறேன்" என்பார் தையல்காரர்.

குளிர் மாதம் வந்தால் ஏரிக்கரைச் சாலையில் மூடுபனி இறங்கும். சாதாரணப் பனி இல்லை. ஏரியே எழுந்து வந்து சாலையில் படுத்துக்கொள்வது போன்ற பனி. நத்தை வேகத்தில் போய் அவள் இரண்டு முறை தாமதமாகிவிட்டாள். சூப்பரிண்டெண்ட் அம்மாள் கூப்பிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "ஏரி எனக்கும் தெரியும், பனி எனக்கும் தெரியும். நோயாளியோட ரத்தத்துக்குத் தெரியாது. இன்னொரு தடவை ஆச்சுன்னா ஷிஃப்டை மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல." கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதில் பேசியிருப்பாள். நியாயத்துக்கு என்ன பதில் சொல்வது?

அதற்கு மறுநாள் ஒரு சைக்கிள்காரர் பனிக்குள்ளிருந்து திடீரென்று முளைத்தார். பின்னால் செய்தித்தாள் கட்டு. பிரேக்கை மிதித்த மிதியில் கார் ஒரு சாண் தள்ளி நின்றது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்து, திட்டக்கூடத் தோன்றாமல் போய்விட்டார். அவள் காரை ஓரம் கட்டினாள். பக்கத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த சேர்மன் முன்னால் சாய்ந்து எழுந்து, "என்ன, கிடங்கு வந்துடுச்சா?" என்றார்.

அன்று சாயங்காலமே அந்தச் சம்பவம் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் அரங்கேறியது. "பிரேக்குன்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, இல்லைன்னா இன்னிக்கு ஒரு உயிர் போயிருக்கும்" என்று சேர்மன் இரண்டாம் மாடிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காய்கறிப் பையோடு அந்த வழியாக வந்தவள் நின்று முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டு மாடியேறினாள். அடுப்பில் பாத்திரத்தை வைத்த சத்தம் மூன்றாவது வீடு வரைக்கும் கேட்டது.

இரவுச் சாப்பாட்டில் அவள் தெளிவாகத்தான் சொன்னாள். காருக்குப் பனி விளக்கு இரண்டு வேண்டும். பம்பருக்குக் கீழே, தரையை ஒட்டி இருக்க வேண்டும். வெளிச்சம் மேலே எழும்பாமல், அகலமாகப் பரவி, சாலையின் ஓரக் கோடு மட்டும் தெரிந்தால் போதும். சுவிட்ச் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வேண்டும். இதில் புரியாதது எதுவுமில்லை. ஆனால் சேர்மன் கையைக் கழுவிக்கொண்டு, "லைட் விஷயத்தை என்கிட்ட விட்டுடு" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் கைபேசியில் விளக்கு வீடியோ பார்த்தார். பாலைவனத்தில் பறக்கும் ஜீப்புகள், மலையைப் பிளக்கும் வெளிச்சங்கள். முடிவில் ஞானம் பிறந்தது. பனி விளக்கு என்று தனியாக ஒன்று கிடையாது, அது கடைக்காரன் கட்டிய கதை. பவர் இருந்தால் பனி என்ன, இருட்டு என்ன, எல்லாம் கிழிந்துவிடும். அதோடு, பம்பருக்குக் கீழே தவளை மாதிரி இரண்டு விளக்கு உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? டிரைவிங் லைட், அதாவது நெடுந்தூரம் ஊசி மாதிரி பாய்கிற ரகம், நான்கு. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், உருண்டையாக. பானெட்டுக்கு முன்னால் ஒரு கம்பி கட்டி வரிசையாக ஏற்றிவிட வேண்டியது. பனியில் ஹெட்லைட்டை உயர்த்தி ஹைபீம் போட்டாலே எதிரில் வெள்ளைச் சுவர் எழும்பும், அதனால்தான் பனியில் யாரும் ஹைபீம் போடுவதில்லை என்று அவள் சொன்னாள். காரைப் பத்தடி ஓட்டியவனுக்குக்கூடத் தெரிகிற விஷயம் அது. சேர்மன் உருப்படியாகப் பத்தடி ஓட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஸ்பார்க் கடைக்குப் போனார்கள். ஸ்பார்க் என்பது கார் எலக்ட்ரீஷியனின் பட்டப்பெயர். அவன் கை பட்ட வண்டிகளில் சிலது அவ்வப்போது புகைந்ததால் வந்தது. வேலை தெரியாதவன் என்று சொல்ல முடியாது. ஆனால் உரக்கப் பேசுகிறவர் சொல்வதே சரி என்பது அவன் தொழில் தர்மம். பெஞ்சில் கழற்றிப் போட்ட ஹார்ன்களுக்கு நடுவே சேர்மனுக்கு மட்டும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் நின்றாள்.

ஸ்பார்க் கம்பியை முடுக்கினான், துளை போட்டான், விளக்குகளுக்குக் கரன்ட் விடுகிற ரிலேயை பேட்டரிக்குப் பக்கத்தில் பொருத்தினான். சுவிட்ச் எங்கே என்று வந்தபோதுதான் நிஜமான கூத்து ஆரம்பித்தது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை அவள் காட்டினாள். சேர்மன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"ஓட்டறவங்க ரோட்டைப் பாக்கணும். லைட்டை நான் பாத்துக்கறேன். என் பக்கம் வை."

"ஓட்டறது நான்" என்றாள் அவள்.

"அதைத்தானே நானும் சொல்றேன். நீ ஓட்டு."

ஸ்பார்க் டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு இருவரையும் பார்த்தான். ஹைபீம் போட்டால் எரிந்து, இறக்கினால் தானாக அணைகிற மாதிரி இணைப்பதுதான் வழக்கம் என்று மென்று விழுங்கினான். அப்படி இணைத்தால் கன்ட்ரோல் யாரிடம் இருக்கும் என்று கேட்டார் சேர்மன். ஓட்டுகிறவரிடம் இருக்கும் என்றான் ஸ்பார்க். "அதைத்தான் வேண்டாங்கறேன்" என்றார் சேர்மன். சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரிய வேண்டும், நடுவழியில் அவசரம் என்றால் உதவும் என்று இன்னொரு உத்தரவும் போட்டார். ஸ்பார்க் உருகிப்போனான். "விமானத்துல கோ-பைலட் மாதிரி, சார்" என்று சொல்லிக்கொண்டே, சேர்மன் முழங்காலுக்கு எதிரே நாலு ஸ்க்ரூ போட்டு ஒரு கறுப்புப் பலகையைப் பொருத்தினான். விளக்குக்கு ஒன்றாக நான்கு சுவிட்ச். அவள் பெல்ட் போட்டுக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தாள். நடுவிரல் நுனிக்கும் பலகைக்கும் இடையே ஒரு முழம் இருந்தது.

அன்று கடை வாசலிலேயே அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை என்பதற்காகப் பிறகு தன்னையே பலமுறை வைதுகொண்டாள். கத்தினால் ஒரு ஞாயிறு போகும், அடுத்த வாரத்திலும் பாதி போகும், பனி காத்திருக்காது. அதோடு சேர்மன் சத்தியமே செய்தார்: "நீ போடுன்னா போடறேன், அணைன்னா அணைக்கறேன். உன் பேச்சுக்கு மேல பேச்சு உண்டா?" கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியும்.

பொழுது சாய்ந்ததும் கார் நிறுத்துமிடத்தில் திறப்பு விழா நடந்தது. ஆமாம், விழாதான். காகிதக் கோப்பையில் டீ, ஒரு தட்டில் பிஸ்கட், வராமல் இருக்க முடியாத ஏழெட்டுப் பேர். வெளிச்சம் என்பது பொறுப்பு, பொறுப்பு என்பது தலைமை, தலைமை என்பது முன்னால் பார்ப்பது என்று சேர்மன் சங்கிலி போட்டுப் பேசினார். தன் நிர்வாகத்தில் கேட்டுக்கு விளக்குப் போட நினைத்தும் சிலர் தடுத்ததைக் குறிப்பிட மறக்கவில்லை. பிறகு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து நான்கு சுவிட்சையும் ஒரே உள்ளங்கையால் அழுத்தினார்.

இரண்டாம் மாடிக்காரர் அந்த நேரம் எதிர்க் கட்டடப் படிக்கட்டின் மேலே இடுப்புத் துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான்கு விளக்கும் மொத்தமாக அவர் மேல் விழுந்தன. கண் கூசி இரண்டு கையையும் தூக்கினார். துண்டுக்கு அந்த ஒரு கையைத் தவிர வேறு பிடிமானம் இருக்கவில்லை. கூட்டம் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டியது. சேர்மன் அந்தக் கைதட்டலைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்.

"அம்மா, அப்பா காருக்கு லைட் வாங்கலை. லைட்டுக்குத்தான் கார் வச்சிருக்கார்" என்றாள் மகள் காதோரம், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்குப் பனி இறங்கினால் அந்தச் சாலையில் போகிறவள் அவள்.

நாளைக்கு இறங்கவில்லை. அந்த வாரக் கடைசியில் இறங்கியது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது கேட்டுப் பலகையின் எழுத்தே தெரியவில்லை. அதற்காகவே முன்னதாகக் கிளம்பியிருந்தாள். ஹெட்லைட்டைத் தாழ்த்தி லோபீம் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, காதையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மெதுவாகப் போனாள். ஓரக் கோடு மங்கலாக, ஆனால் விட்டுப்போகாமல், கூடவே வந்தது. இந்தக் கதியில் போனால் நேரத்துக்குப் போய்விடலாம் என்று முதல் தடவையாக நம்பினாள்.

ஏரிக்கரை வளைவு வந்ததும் சேர்மன் தொண்டையைக் கனைத்தார். யாரும் போடு என்று சொல்லவில்லை. சொல்லவும் அவர் காத்திருக்கவில்லை. நான்கு சுவிட்சையும் அழுத்தினார்.

சாலை காணாமல் போனது. கார் முன்னால் யாரோ சுண்ணாம்பு அடித்த சுவரைக் கொண்டுவந்து நிறுத்தியது போல வெளுத்தது. கோடு போய்விட்டது, ஓரம் போய்விட்டது, பானெட்டின் நுனிகூடப் போய்விட்டது.

"அணைங்க."

"பொறு. கண்ணு பழகணும்ல."

"ஏங்க, ஒண்ணும் தெரியல. அணைங்க."

"இன்னும் கொஞ்சம் போனா கிழிச்சிட்டுப் போகும் பாரு."

எதிரே ஒரு லாரி வந்தது. இந்த வெளிச்சம் கண்ணைக் குத்த, அதன் டிரைவர் விளக்கை மாறி மாறி அடித்து ஹார்னை அழுத்திக்கொண்டே நெருங்கினார். கூடவே ஜன்னல் வழியே ஒரு வார்த்தை வந்தது. சேர்மனின் தாயாரைப் பற்றியது. "பாத்தியா, லாரிக்காரனே சலாம் போடறான்" என்றார் சேர்மன். அவள் லாரிக்கு ஒதுங்குகிறோம் என்று ஸ்டீயரிங்கை ஒடித்தாள். எவ்வளவு ஒதுங்குவது என்று காட்டுவதற்குச் சாலை இல்லை. முன் சக்கரம் தார் விளிம்பைத் தாண்டி இறங்கி, சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தது. பனிக்குள் எங்கேயோ ரொம்பப் பக்கத்தில் தண்ணீர் கரையில் மோதும் சத்தம் கேட்டது.

அவள் பெல்ட்டை அவிழ்த்துப் பாய்ந்து பலகையை நோக்கிக் கையை நீட்டினாள். சேர்மன் முழங்காலை உயர்த்தி மறைத்தார். கண்டபடி அழுத்தினால் ஷார்ட் ஆகிவிடும், ஸ்பார்க் சொல்லியிருக்கிறான் என்றார். அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். ஹெட்லைட் அணைந்தது, ஃபேன் நின்றது, எல்லாம் நின்றது. நான்கு தட்டும் மட்டும் எரிந்துகொண்டே இருந்தன.

"பாத்தியா" என்றார் சேர்மன், நிஜமான சந்தோஷத்தோடு. "எமர்ஜென்சின்னு சொன்னேன்ல. இப்ப உதவுது பாரு."

கோபம் பொங்கி வரும் என்பார்கள். அவளுக்கு அப்படி வரவில்லை. பல வருஷமாகக் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தில் தண்ணீர் மொத்தமும் வற்றி, அடி மட்டும் சிவந்து நின்றது. இறங்கினாள். பானெட்டைத் திறந்தாள். பேட்டரியிலிருந்து புறப்பட்ட சிவப்பு ஒயரில் சின்ன டப்பி ஒன்று தொங்கியது. அதைத் திறந்து உள்ளிருந்த ஃபியூஸைப் பிடுங்கி ஏரிப் பக்கமாக வீசினாள். நான்கு தட்டும் செத்தன. பனி மறுபடி பனியாக ஆனது. திரும்பி வந்து லோபீமைப் போட்டதும் ஓரக் கோடு சாதுவாகப் பக்கத்திலேயே கிடந்தது. இத்தனை நேரம் நான் இங்கேதானே இருக்கிறேன் என்பது போல.

"இறங்குங்க."

"எதுக்கு?"

"தள்ளணும்."

தலைமை என்பது முன்னால் பார்ப்பது என்று பேசியவர் பின்னால் போய் நின்றார். தள்ளினார். சக்கரம் சுழன்று, அவர் பேன்ட்டில் இடுப்பு வரைக்கும் சேற்றை வாரி இறைத்து, மூன்றாவது முக்கலில் காரைத் தார் மேல் ஏற்றியது. ஏறிய கார் நிற்கவில்லை. பத்தடி பின்னால் பஸ் நிறுத்தமும் அதில் ஒரு குழல் விளக்கும் இருந்ததை அவள் பார்த்துவிட்டுத்தான் போனாள். அந்தக் கோபத்திலும் அவ்வளவு பார்வை மிச்சமிருந்தது. கண்ணாடியில் ஒரு உருவம் கையை ஆட்டி எதையோ உத்தரவு போட்டுக்கொண்டே வெள்ளையில் கரைந்தது.

மருத்துவமனைக்குப் போனபோது ஆறு மணி தாண்டியிருந்தது, மெஷின்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. மாலை ஷிஃப்டிலிருந்து அவசரமாகக் கூப்பிடப்பட்ட டெக்னீஷியன் முகம் வெளிறி நின்றாள். தையல்காரரின் கட்டிலில் மட்டும் மெஷின் நின்றிருந்தது. அவருடைய இடது கை தலையணை மேல் கிடந்தது. முழங்கைக்குக் கீழே ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வீங்கி, கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஊசி மறுபக்கம் துளைத்துவிட்டது. ரத்தம் உள்ளேயே கசிந்து கட்டிவிட்டது. அந்தக் கையில் இனி எத்தனை நாளைக்கு ஊசி ஏற்ற முடியாது என்று டாக்டர் வந்துதான் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் கழுத்து வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும்.

"பரவாயில்லம்மா" என்றார் தையல்காரர். "கத்தரி பிடிக்கிறது வலது கைதானே."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ஐஸ் பையை எடுத்து வீக்கத்தின் மேல் அவளே வைத்தாள். கை நகராமல் பிடித்துக்கொண்டாள். அவர் வலியை மறைக்கச் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள்.

சூப்பரிண்டெண்ட் அம்மாள் என்ன ஆயிற்று என்று கேட்டார். பனி என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. பனி தன் வேலையைத்தான் செய்தது.

"வீட்டுக்காரர் லைட்டை அணைக்கல."

"அணைக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்."

சூப்பரிண்டெண்ட் அம்மாள் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் ஒருவர் இருந்திருக்கலாம். ஆனால் தையல்காரரின் கை அடுத்த அறையில் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து மாலை ஷிஃப்ட் என்றார். அவள் தலையாட்டினாள்.

மதியம் வேலை முடிந்து நேரே ஸ்பார்க் கடைக்குப் போனாள். வெயில் கண்ணைக் குத்தியது. ஏரி தட்டித் துடைத்த தகடு மாதிரி மின்னியது. காலையில் நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி. காரை ரிவர்ஸ் எடுத்துக் கடைக்குள் நிறுத்தினாள். நான்கு தட்டையும் கம்பியோடு கழற்ற வேண்டும், பம்பருக்குக் கீழே இரண்டு பனி விளக்குப் போட வேண்டும், சுவிட்ச் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்றாள். ஸ்பார்க் பழக்கதோஷத்தில் கைபேசியை எடுத்தான்.

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேங்க்கா."

"இந்தக் காரை ஓட்டறது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப ஃபோனைக் கீழ வை."

இதுவரை அவள் அவனை நீங்க, வாங்க என்றுதான் பேசியிருக்கிறாள். ஸ்பார்க் ஃபோனை வைத்துவிட்டான். உரக்கப் பேசுகிறவர் சொல்வதே சரி என்கிற அவன் தர்மத்துக்கு இதில் பங்கமில்லை. அவள் உரக்கப் பேசவில்லை என்பதுதான் அவனை அதிகமாக மிரட்டியது. ஸ்பானரை எடுத்தான். வேலைக்கு நடுவே மெதுவாகப் பேச்சுக் கொடுத்ததில் ஷிஃப்ட் மாறிய விஷயம் தெரிந்தது. மாலை ஷிஃப்ட் என்றால் போகும்போது வெயில், திரும்பும்போது நல்ல தெளிவான ராத்திரி, பனி இறங்குவது விடியற்காலையில்தானே, பின்னே பனி விளக்கு எதற்கு என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி.

"போடு" என்றாள்.

போட்டான். பலகையைக் கழற்றினான். சேர்மன் முழங்காலுக்கு எதிரே நாலு ஓட்டை மட்டும் மிஞ்சியது.

அந்த நேரத்தில்தான் சேர்மன் வந்து சேர்ந்தார். காலையிலிருந்து பத்துப் பதினைந்து முறை கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை. கிடங்கில் பாதி நாளுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் பஸ்ஸில் போகிற வழியில், கடைக்குள் தன் கார் நிற்பதைப் பார்த்து இறங்கியிருக்கிறார். பேன்ட்டில் சேறு காய்ந்து ஓடு மாதிரி நின்றது. வந்ததும் வராததுமாக வழக்கை ஆரம்பித்தார். சேற்றோடு அத்தனை பேர் முன்னால் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தது, கண்டக்டர் ஓரமாக நிற்கச் சொன்னது, கிடங்கு வாசலில் காவலாளி சிரித்தது, ஒரு மனுஷனுக்கு மரியாதை என்று ஒன்று உண்டா இல்லையா என்பது. ஸ்பார்க் நாற்காலியைத் துடைக்கப் போனான். அவள் பார்த்த பார்வையில் துணியைக் கீழே போட்டான்.

சேர்மன் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் சொன்னாள். தையல்காரரின் கையைப் பற்றிச் சொன்னாள், அது என்ன நிறத்தில் இருந்தது என்று சொன்னாள். ஷிஃப்ட் போய்விட்டது, திங்கட்கிழமையிலிருந்து மாலை என்று சொன்னாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. சேர்மன் முழுதும் கேட்டார். அவர் முகத்தில் ஏதோ கணக்கு ஓடுவது தெரிந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இந்த மனுஷன் இன்றைக்குச் சரியான கேள்வியைக் கேட்டுவிடுவார் என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

"அப்ப காலைல என்னை யார் கொண்டுவிடறது?" என்றார் சேர்மன்.

ஸ்பார்க்கூட வேலையை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அவள் ஸ்பார்க்குக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள். வராவிட்டால் மறுபடி பஸ் என்று புரிந்ததும் சேர்மனும் அவசரமாக மறுபக்கம் ஏறினார். முழங்காலுக்கு எதிரே இருந்த நாலு ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். நான்கு விளக்கையும் என்ன செய்தாய் என்று கேட்டார். கழற்றிய நான்கும் கடைப் பெஞ்சில் கண்ணை மேலே சொருகிக்கொண்டு மல்லாந்து கிடந்தன.

அவள் எஞ்சினை முடுக்கி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த புது சுவிட்சை ஒரு விரலால் அழுத்தினாள். சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. கடையை விட்டு வெளியே வந்து சாலையில் ஏறினாள். உச்சி வெயிலில், ஈ பறந்தால்கூட நிழல் விழுகிற வெளிச்சத்தில், பம்பருக்குக் கீழே இரண்டு பனி விளக்கும் எரிந்துகொண்டு போயின. எதிரே வந்த ஒருவர் விளக்கு எரிகிறது என்று கையை விரித்து மூடிக் காட்டினார். சிக்னலில் பைக்கில் வந்து பக்கத்தில் நின்றவர் கண்ணாடியைத் தட்டினார்.

"அம்மா, லைட் எரியுது."

"தெரியும்" என்றாள்.

சேர்மன் இருக்கையில் நெளிந்தார். "அணைச்சிடேன். எல்லாரும் பாக்கறாங்க."

சிக்னலில் பச்சை விழுந்தது. அவள் கியரைப் போட்டாள்.